அட்டவணையில் ஒரே ஒருவர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் ஜமுனா போன் செய்தாள். இப்போது உங்கள் எல்லோரையும் ஃபீல்டுக்கு விரட்டிக்கொண்டிருக்கிறாளே, அதே ஜமுனாதான். "உங்க அனுபவத்துல நல்லதா நாலு விஷயம் எழுதுங்க சார், பசங்க கத்துக்குவாங்க" என்றாள். நல்லதாக நாலு விஷயம் செய்திருந்தால் தாராளமாக எழுதலாம். திருப்பதி ஆபீசில் ரிடையர் ஆகும்வரை நான் அட்டவணை போட்டவன். அதில் ஒரு தப்பு செய்தேன், அதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார்" என்றாள் மெதுவாக. எந்தத் தப்பு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டால், ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் அதுவே நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுகிறது அல்லவா? அது ஏன், எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். அப்பா, மகராசா, எடுத்துவிடாதே. அந்த நட்சத்திரம் என்னால் வந்தது.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், நடத்தப்படுகிறார்கள், அதனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று விசாரித்து, எண்ணி, சர்க்காருக்குச் சொல்வது. சொன்னால் சில சமயம் சர்க்கார் கேட்கும். அந்தச் சில சமயத்துக்காகத்தான் வெயிலில் அலைகிறோம்.

அந்த வருஷம் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஆய்வு. ஆலையின் பெயரைச் சொல்லமாட்டேன். நம் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் ஏகப்பட்டது இருப்பதால் தேடியும் பிடிக்க முடியாது, தேடவும் வேண்டாம். சீசனில் அங்கே பெண்கள்தான் பெரும்பாலும் வேலை. வரிசையாக நின்று பழம் தரம் பிரிக்க வேண்டும், அழுகலைத் தள்ள வேண்டும், காம்பு வெட்ட வேண்டும். காலையில் நின்றால் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். எங்கள் கேள்வி சின்னக் கேள்வி: இந்தப் பெண்களில் இத்தனை பேருக்கு ஏன் நீர்க்கடுப்பு வருகிறது?

அப்போது ஃபீல்டில் போய்க் கேள்வி கேட்டவள் ஜமுனாதான். முதல் இரண்டு நாள் அவள் நிரப்பிக்கொண்டு வந்த படிவங்களைப் பார்த்தால் அந்த ஆலை சொர்க்கம். கழிப்பறை இருக்கிறதா? இருக்கிறது. சுத்தமாக இருக்கிறதா? இருக்கிறது. போவதற்கு ஏதாவது தொந்தரவு? இல்லை. இல்லை. இல்லை. மேனேஜர் என்னையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நல்ல டைல்ஸ் போட்ட கழிப்பறை. என் வீட்டில்கூட அப்படி இல்லை.

மூன்றாம் நாள் ஜமுனா ஒரு விஷயத்தைக் கவனித்தாள். காலையில் வரிசைப் பக்கத்தில் வைக்கிற தண்ணீர் கேன் சாயங்காலமும் அப்படியே நிறைந்து கிடக்கிறது. மே மாச வெயில், தகரக் கூரை, முப்பது பெண்கள். யாருமே தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு அம்மா வாய் திறந்தார். அவருக்கு எஸ்தரம்மா என்று நானாக ஒரு பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன், ஆளைக் காட்டிக்கொடுக்கிற விவரங்கள் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒருமுறை சொல்லாமலே சொல்லிவிட்டேன், அது போதும்.

எஸ்தரம்மா சித்தூரில் பழைய மிஷன் சர்ச்சைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். பதினொரு சீசனாக அதே ஆலை. ஜமுனாவிடம் அவர் சொன்னதை ஜமுனா அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள்: "கக்கூஸு கீதும்மா, யாரு இல்லேன்றது? டோக்கன் வாங்கிக்கினு போவணும். லைனுக்கு ஒரே டோக்கன். சூப்பர்வைசரு மேஜை மேல கீது. அதைக் கழுத்துல மாட்டிக்கினு, மிசினு ஓட்டற ஆம்பளைங்க அத்தினி பேரு முன்னாடியும் நடந்து போவணும். போனா வாச்சைப் பாக்கறான். வந்தா வாச்சைப் பாக்கறான். மானம் போவுதும்மா. அதுக்குத் தண்ணியே குடிக்காம இருந்துடலாம்."

அந்த ஒரு வாய் திறந்ததும் அத்தனை வாயும் திறந்தது. ஜமுனா முதலிலிருந்து எல்லோரிடமும் திரும்பப் போனாள். முக்கால்வாசிப் பேர் அதையே சொன்னார்கள். காலையில் வீட்டில் ஒரு வாய் காப்பி, அதற்கப்புறம் சாயங்காலம் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் கடையில்தான் தண்ணீர். எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெண்ணிடமும் பேச ஆரம்பிக்கும் முன் ஜமுனா ஒரு வாக்கியம் படிப்பாள். உங்கள் பெயர் வெளியே வராது, நீங்கள் சொன்னீர்கள் என்று யாருக்கும் தெரியவராது என்று. தமிழிலும் தெலுங்கிலும் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

அப்போது எங்களுக்கு டைரக்டராக இருந்தவர் ஒரு டாக்டர் அம்மா. தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசமாட்டார். அவர் பேசியதை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். மேடம் ஒரு அட்டவணை கேட்டால் நான் ஒன்பது கொடுப்பேன். "ஏமய்யா, ஊருக்கு இலை போடுகிற மாதிரி போடுகிறாய்" என்று சிரிப்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நம் பக்கத்தில் தாய்மொழி என்ன என்று கேட்டால் பாதிப்பேர் "ஊட்லயா, கடையிலயா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதையே சுத்தமாகப் பிரித்து, தாய்மொழி, மதம், எந்த வரிசையில் வேலை என்று குறுக்கும் நெடுக்குமாக நான் போட்ட அட்டவணை அந்த ஆய்வில் எனக்குச் செல்லப்பிள்ளை. எச்சரிக்கைப் பலகையை எந்த மொழியில் வைப்பது என்று, எங்கள் அறிக்கையைப் பார்த்து ஆலைகளுக்கு உத்தரவு போடுகிற கலெக்டர் கமிட்டி கேட்டால் பதில் தயாராக இருக்கட்டுமே என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

ஆலைக்குள் விட்டதற்கு மரியாதையாக, கமிட்டிக்குப் போகும் முன் நிர்வாகத்துக்கு அறிக்கையின் பிரதி ஒன்று கொடுப்பது நம் வழக்கம். மேடம் ஹைதராபாத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். "சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிடு" என்று போனில் சொன்னார். சுருக்கம் இரண்டே பக்கம். இரண்டு பக்கத்தை எப்படிக் கையில் கொடுப்பது, மொட்டையாக இருக்கிறதே என்று என் ஒன்பது அட்டவணையையும் பின்னால் சேர்த்து, ஸ்பைரல் போட்டு, நானே கொண்டுபோய் மேனேஜர் கையில் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததைச் செய்துவிட்டு நல்ல பெயருக்குக் காத்திருந்தேன்.

கொடுத்த நாலாம் நாள் ஜமுனா சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். அழுகிறாளா கத்துகிறாளா என்று முதலில் புரியவில்லை. "சார், எஸ்தரம்மாவ தோல் யார்டுக்கு மாத்திட்டாங்க சார். பர்மனென்ட் லிஸ்ட்லருந்து பேரையும் எடுத்துட்டாங்களாம். நீதானே அந்த சர்வேக்காரங்க கிட்ட சொன்னவன்னு கேட்டாங்களாம். எப்படி சார் தெரியும்? நான் யார் கிட்டயும் சொல்லல சார், எங்க அம்மா மேல ஆணையா சொல்லல சார்!"

தோல் யார்டு என்றால் ஆலைக்குப் பின்னால் வெட்டவெளியில் தோலும் கொட்டையும் கொட்டுகிற இடம். நாற்றம், ஈ, வெயில். தானாக வேலையை விட்டு ஓட வேண்டியவர்களை அங்கே அனுப்புவார்கள். பர்மனென்ட் லிஸ்ட் அதைவிடப் பெரிய விஷயம். சீசன் முடிந்தால் வீட்டில் உட்காருகிற பெண்களில் சிலரை மட்டும் வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். பதினொரு வருஷம் காத்திருந்து அந்த வருஷம்தான் எஸ்தரம்மா பெயர் அதில் ஏறியிருந்தது. லிஸ்ட் ஒட்டுவதற்கு இன்னும் ஒரு வாரம்.

போனை வைத்துவிட்டு என் அட்டவணையை எடுத்தேன். ஆலையில் எஸ்தரம்மா நின்ற இரண்டாவது வரிசைக்கான பக்கம். தெலுங்கு, இந்து: நிறைய பேர். தமிழ், இந்து, நகரி பக்கத்திலிருந்து வருகிறவர்கள்: கணிசமான பேர். உருது, முஸ்லிம்: சில பேர். தமிழ், கிறிஸ்தவர்: மொத்தம் ஒன்று. டோக்கனால் தண்ணீர் குடிப்பதில்லை என்றவர்: ஒன்று.

ஒன்று. பெயர் எதற்கு? அங்கே தமிழ் பேசிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். அந்த எண்ணை நான் எத்தனை முறை சரிபார்த்தேன் தெரியுமா? கூட்டல் சரியாக வருகிறதா என்று மூன்று முறை பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. அந்த ஒன்றுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று மட்டும் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சித்தூர் போனேன். மேனேஜர் என்னை உட்கார வைத்து டீ வரவழைத்தார். அவரைக் கெட்டவராகக் காட்டினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கூழ் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆலையைப் பார்வையிட வரப்போகிறார்கள், முதலாளி தினமும் போனில் காய்ச்சுகிறார் என்று மனிதர் பாதியாகியிருந்தார்.

"அட்டவணையில அவங்களுக்கு மேல இருக்கற வரியைப் பாருங்க சார்" என்றேன். "மத்தவங்களும் சொல்லியிருக்காங்க. முக்கால்வாசிப் பேர் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் மேல மட்டும் ஏன்?"

"பாத்தேன் சார். அவங்க யார்யார்னு தெரியல. இவங்க யாருன்னு தெரிஞ்சுது" என்றார் அவர், ஒளிக்காமல். "முதலாளி ஒரு பேர் கேட்டாரு. நீங்க குடுத்த புக்ல ஒரு பேர் இருந்துச்சு. நான் என்ன சார் பண்ணட்டும்?"

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "ஒரு லெட்டர் குடுங்க. இந்த டோக்கன் கணக்குல தப்பு நடந்துடுச்சு, இதை எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு பாரா. உங்க ஆபீஸ் சீலோட. அதை முதலாளிக்கு அனுப்பிட்டு, அந்தம்மா பேரை நானே லிஸ்ட்ல சேத்துடறேன். அவங்க நல்ல வேலைக்காரி சார். எனக்கும் மனசு கேக்கல."

யோசித்துப் பாருங்கள். ஒரு கடிதம். எழுதினால் எஸ்தரம்மாவுக்கு வேலை நிரந்தரம். ஆனால் டோக்கன் அங்கேயே இருக்கும், கமிட்டியில் எங்கள் பேச்சு எடுபடாது, மற்ற ஆலைகளிலும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள். எழுதாவிட்டால் எஸ்தரம்மா தோல் யார்டு. கமிட்டி கூடுவதற்கு ஐந்து நாள் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேடத்துக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மேடத்திடம் ஸ்பைரல் போட்ட கதையைச் சொல்ல எனக்குப் பயம். நேராக எஸ்தரம்மா வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சர்ச் காம்பவுண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை, வெயிலில் நின்று மயக்கம் வந்துவிட்டதாம். பாயைச் சுருட்டிவிட்டு நாற்காலி போட்டார். "இன்னா சார், இம்மாம் தூரம்?" என்றார், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி. சர்க்கரை போடாமல் டீ கேட்டேன். "ஷுகரா சார்? எங்கூட்டுக்காரருக்கும் கீது" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். என்னால்தான், ஜமுனாவால் இல்லை, அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று அதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். எஸ்தரம்மா தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு சொல்லியிருக்காதுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. மேனேஜர் கேட்ட கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் நியாயமாகச் சொல்கிறேன் என்று பிரசங்கம் மாதிரி சொன்னேன். மனசின் ஓரத்தில் ஒரு ஆசை இருந்தது, மறைப்பானேன்? இந்த அம்மா, 'எனக்கு ஒரு வேலை போனா போவுது சார், மத்த பொண்ணுங்க நல்லா இருக்கட்டும்' என்று சொல்லிவிடுவார், நானும் கண் கலங்கி, நிம்மதியாக பஸ் ஏறலாம் என்று.

எஸ்தரம்மா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து வெடித்திருந்தது.

"குடுத்துடுங்க சார்" என்றார். "எனக்கு வேலை வேணும். பொண்ணு நர்சிங் படிச்சிக்கினு கீது. இவரு இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ ஆட்டோ ஓட்டுவாரு, கண்ணு மங்கிக்கினே வருது. பதினோரு சீசன் நின்னுருக்கேன் சார் அந்த லைன்ல. டோக்கன் இன்னாத்துக்கு சார், இத்தினி வருசம் இருந்துட்டேன், இன்னும் இருந்துக்கறேன். லெட்டர் குடுத்துடுங்க."

"சரிம்மா" என்று சொன்னேனா, "பாக்கறேன்" என்று சொன்னேனா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. தலையை ஆட்டியது நிச்சயம். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மேடம் ஹைதராபாத்திலிருந்து ரேணிகுண்டா விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அங்கேயே போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கார் திருப்பதிக்குள் நுழையும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த அம்மா கொடுக்கச் சொன்னால் கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கேட்டாயா?"

"இல்லை மேடம்."

"பின் எந்த உரிமையில் கேட்டாய்?"

மேடம் சொன்னது இதுதான்: பெண்கள் சொன்னது நிஜம். நிஜத்தைப் பொய் என்று நாம் கையெழுத்துப் போட்டால், இனிமேல் நம்மை நம்பி யார் வாய் திறந்தாலும் அவர்களை விற்கலாம் என்று ஆகிவிடும். கடிதம் கிடையாது. ஆனால் தப்பை மறைக்கவும் கிடையாது. எஸ்தரம்மாவுக்காக வேறு எந்தக் கதவைத் தட்ட முடியுமோ தட்டுவோம். "அவர் கேட்டதை நாம் செய்யவில்லை. அதை நீயே போய் அவரிடம் சொல். போனில் இல்லை, நேரில்" என்றார்.

போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். எஸ்தரம்மா கத்தவில்லை, சாபம் விடவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அப்புறம் இன்னாத்துக்கு சார் எங்கிட்ட கேட்டீங்க?"

என் சர்வீஸில் எத்தனையோ ஆயிரம் கேள்வி தயாரித்திருக்கிறேன். ஆனால் என்னை யாராவது ஒரு கேள்வி கேட்டு நான் வெந்துபோனேன் என்றால் அது அந்த வாசலில்தான். கமிட்டியில் உங்களுக்காகப் பேசுகிறோம் என்று ஏதோ உளறினேன். "இன்னொரு தரம் எம்பேரை எங்கியும் எடுக்காதீங்க சார். அதான் நீங்க செய்யற உபகாரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சித்தூர் கலெக்டர் ஆபீசில் கமிட்டி கூடியது. மேடம் எழுந்ததும் முதலில் சொன்னது எங்கள் கண்டுபிடிப்பை இல்லை, எங்கள் தப்பை. வாக்குக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றவில்லை, அதனால் ஒரு தொழிலாளி பழிவாங்கப்பட்டிருக்கிறார் என்றார். அப்புறம்தான் டோக்கனைப் பற்றிப் பேசினார். இந்த ஆய்வே போச்சு, வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தன் தப்பை முதலில் சொன்னவர் பேச்சை அன்று அந்த அறையில் எல்லோரும் நம்பினார்கள். டோக்கனை எடுக்க வேண்டும், வேலை செய்கிற வரிசைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை வைக்க வேண்டும் என்று ஆலைகளுக்கு உத்தரவு போனது. பழிவாங்கியதாகச் சொல்கிறார்களே என்று தொழிலாளர் அதிகாரி கேட்டதற்கு, லிஸ்டே இன்னும் தயாராகவில்லை, யார் பெயரையும் எடுக்கவில்லை என்று ஆலைத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். யார் பெயர் என்று நாங்கள் சொன்னால்தான் மேற்கொண்டு கேட்க முடியும். சொல்லக் கூடாது என்று எஸ்தரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒன்றையாவது அவர் கேட்டபடி செய்தோம். லிஸ்ட் அவர் பெயர் இல்லாமல் ஒட்டப்பட்டது.

ஜமுனா அடுத்த மாதம் அந்த ஆலைக்குப் போய்வந்து சொன்னாள். தண்ணீர் கேன் மத்தியானமே காலியாகி, இன்னொன்று வைக்கிறார்களாம். "சந்தோஷமா இருக்கு சார்" என்றாள், அழுதுகொண்டே. எனக்கும் அப்படித்தான் இருந்தது. எஸ்தரம்மா வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும் சொன்னாள்.

இங்கே முடித்தால், ஒருவருக்கு நஷ்டம், பலருக்கு லாபம் என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சீசனில், உத்தரவு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேறு சில ஆலைகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். அதில் ஒன்று புத்தூர் பக்கம். அங்கிருந்து வந்த படிவங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தொந்தரவு உண்டா? இல்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா? குடிக்கிறோம். வேறு ஏதாவது? ஒன்றுமில்லை. "ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு சார், எனக்கு என்னமோ சரியாப் படல" என்றாள் ஜமுனா. நானே அவளுடன் போனேன்.

சாப்பாட்டு நேரம். சைக்கிள் ஷெட் நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் எஸ்தரம்மா. பதினொரு சீசன் பார்த்தவர், இங்கே முதல் சீசன்காரியாகத் தினக்கூலிக்கு வந்திருக்கிறார். அவர்தான் முதலில் எழுந்தார்.

"சார், நல்லா கீறீங்களா? ஷுகரு எப்படி கீது?"

நன்றாக இருக்கிறேன் என்றேன். மற்றப் பெண்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜமுனா படிவத்தை எடுத்து, வழக்கமான வாக்கியத்தைப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். எஸ்தரம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லேம்மா. எல்லாம் நல்லாத்தான் கீது. எழுதிக்கோ."

ஜமுனா எழுதினாள். நாங்கள் கிளம்பியபோது கேட்வரை கூட நடந்து வந்தார். யாரும் காதில் வாங்காத இடம் வந்ததும் சொன்னார்: "நாந்தான் சார் அதுங்க கிட்ட சொன்னேன், யாரு வந்து கேட்டாலும் ஒன்னும் தொந்தரவு இல்லேன்னு சொல்லிடுங்கடின்னு. அதுங்க மேல கோச்சிக்காதீங்க. இந்தப் பொண்ணையும் திட்டாதீங்க, அது நல்லாத்தான் கேட்டுச்சு."

"எங்க மேல கோபமா எஸ்தரம்மா?"

"கோவம் இன்னாத்துக்கு சார்? நீங்க நல்லதுக்குத்தான் வரீங்க. வந்துட்டுப் போயிடுவீங்க. நாங்க சீசன் முழுக்க இங்கியே இருக்கணும்."

நாங்கள் போன அன்று அந்த ஆலையில் டோக்கன் இருந்ததா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். பிள்ளைகளே, உங்கள் படிவத்தில் எல்லோரும் ஒரே மாதிரி 'ஒன்றும் தொந்தரவு இல்லை' என்று சொன்னால், இவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் என்னை மாதிரி ஒருவன் வந்து போயிருக்கிறானா என்று விசாரியுங்கள்.

திருப்பதி வந்ததும் மேடத்திடம் போனேன். அந்த ஆலையின் பதில்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். ஏன் என்று பார்த்தார்; அங்கே இருக்கிறவர்களுக்கு நம் பழைய கதை தெரியும் என்றேன், புரிந்துகொண்டார். யாரிடமும் எதுவும் கேட்காமல் எல்லா ஆலைகளுக்கும் நேரில் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வரும்படி தொழிலாளர் துறைக்கு எழுதினார். பிறகு, விலக்கி வைக்கிற படிவங்களுக்கான தாளை என் பக்கம் தள்ளினார். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும் அதில். 'ஆய்வுக் குழுவின் முந்தைய நடத்தையால் தொழிலாளர்களுக்கு நம்பிக்கை இல்லை' என்று எழுதினேன். மேடம் படித்தார். 'ஆய்வுக் குழு' என்பதை அடித்துவிட்டு அதன் மேலே தன் பெயரை எழுதினார். பேனாவை என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். எஸ்தரம்மாவின் பெயர் இந்த முறை எங்கேயும் இல்லை.